24 பியி மூட்டையும் மழைக்கால வண்டும்: வாங்குவது, அளப்பது, அடைத்து வைப்பது

ஜூன் 4 – கேள்வி

அரிசி மூட்டையாக வாங்குவதுதான் லாபம் என்பது வீட்டில் முடிவு. 24 பியி மூட்டை (பியி என்பது பர்மாவின் அரிசி அளவு, 2.1 கிலோவுக்குச் சற்று மேல்). காய்ந்த மிளகாய், வேப்பிலை எல்லாம் போட்டுத்தான் வைத்தோம். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. இப்போது அள்ளும் டின்னிலெல்லாம் கறுப்பு வண்டு. வேப்பிலை சரியாகக் காயவில்லையா? வெயிலில் கொட்டலாம் என்றால் ரங்கூனில் ஜூன் மாதம் வெயிலுக்கு எங்கே போவது?

ஜூன் 4, இரவு

வேப்பிலையைத் திட்ட வேண்டாம் தம்பி. அந்த வண்டு வெளியிலிருந்து வரவில்லை. கடையிலிருந்தே அரிசிக்குள் உட்கார்ந்து வந்தது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, வாயைப் பசை போட்டு அடைத்துவிடும். வெளியே பார்த்தால் அரிசி அரிசியாகத்தான் தெரியும். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூடு கட்டி, வண்டாகத்தான் வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இதற்கு நாலு முதல் ஐந்து வாரம் ஆகும். 'ஒரு மாதம் ஒன்றும் இல்லை' என்றது அதனால்தான். மிளகாய் வாசனை நடமாடும் வண்டைக் கொஞ்சம் விலக்கும், அவ்வளவே. அரிசிக்குள் இருக்கும் புழுவுக்கு மிளகாயும் தெரியாது, வேப்பிலையும் தெரியாது.

இப்போதைக்கு: சல்லடையில் சலியுங்கள், முறத்தில் புடையுங்கள். சலித்த தூளையும் வண்டையும் கொதிநீரில் கொட்டுங்கள். குப்பைக்கூடையில் போட்டால் திரும்பி வரும், அரிசி வண்டுக்கு இறக்கை உண்டு. மிச்ச அரிசியை முதலில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். கழுவும்போது கூடான அரிசி மிதக்கும், அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் போதும். வண்டு விழுந்த அரிசியில் விஷம் இல்லை, ருசிதான் குறையும். பூஞ்சை வாடை, மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி, கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்வது, இவை வேறு விஷயம். அந்த அரிசி சமைக்க ஆகாது.

ஜூன் 5

வெயில் பற்றிக் கேட்டதற்குப் பதில் விட்டுப்போயிற்று. வெயில் கிடைத்தாலும் அரை மருந்துதான். நடமாடும் வண்டு வெளிச்சம் பிடிக்காமல் ஓரத்துக்கு ஓடும், உள்ளிருக்கும் முட்டை அப்படியே இருக்கும். கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் அரிசியில் விரிசல் விழுந்து, சோறு நொய்யாக உடையும். பொசான் என்ற பர்மிய வகை போன்ற மணி அரிசியில் இது நன்றாகவே தெரியும்.

ஜூன் 7

கணக்குக்கு வருவோம், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பால் டின் (கெட்டிப்பால் வரும் தகர டின்) கணக்கில் 8 டின் ஒரு பியி. நாலு பேர் வீட்டில் நாளுக்கு 4 டின் செலவானால் அரை பியி. 24 பியி மூட்டை 48 நாள் வரும். வண்டு வெளிவர 30 முதல் 35 நாள். அதாவது மூட்டையின் கடைசி 13 முதல் 18 நாள் அரிசி எப்போதும் வண்டோடுதான் முடியும். நீங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 12 பியி வாங்கினால் 24 நாளில் தீர்ந்துவிடும். வண்டுக்கு வளர நேரமே இல்லை.

மூட்டை விலையில் கிடைக்கும் தள்ளுபடி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பியியில் அது 1.2 பியி அரிசியின் விலை. வண்டால் ஒன்றேகால் பியி வீணானால் லாபம் போயிற்று. இரண்டு பியி வீணானால் கடைக்காரருக்கு மேலே கொடுத்த கதைதான். ஆனால் கடைக்குக் கடை தள்ளுபடி வேறு, உங்கள் மூட்டைக்கு உங்கள் கடை விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

ஜூன் 8

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. கடையில் எத்தனை நாள் கிடந்த மூட்டை என்பதைச் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும்போதே முட்டைக்கு மூன்று வாரம் வயது என்றால் பத்தாம் நாளே வண்டு. அப்போது 12 பியிகூடத் தப்பாது. எனவே வாங்கும்போதே பார்க்க வேண்டும்: ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். ஊசி முனை அளவு துளை, அரிசியோடு மாவுத் தூள், சுவரோரம் ஏறும் ஒரே ஒரு வண்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு மூட்டை கேளுங்கள். மூட்டைத் தையல் ஓரத்தைத் தட்டினால் தூள் விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் 11

ஒரு அண்ணன் கேட்கிறார்: மூட்டையாகத்தான் வாங்க வேண்டிய கட்டாயம், வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் நல்ல வழி. 20 லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் தெரியுமல்லவா? ஒரு பியி ஏறக்குறைய 2.56 லிட்டர். 20 லிட்டர் பாட்டிலில் எட்டு பியிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். மூன்று பாட்டிலில் 24 பியி மூட்டை ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடும், அரை பியி மட்டும் மிச்சம். அந்த மிச்சம் அடுப்படி டின்னுக்கு. யாரோ நமக்காகவே அளந்து செய்த மாதிரி.

ஆனால் டெபாசிட் கட்டிய பாட்டிலை எடுக்காதீர்கள், தண்ணீர்க்காரர் திருப்பிக் கேட்பார். சொந்தமாக வாங்கியது, மூடி இறுகப் பிடிப்பது, விரிசல் இல்லாதது வேண்டும். கழுவி, கவிழ்த்து இரண்டு நாள் காற்றில் வையுங்கள். இந்த மழையில் மூன்று நாள்கூட ஆகலாம். உள்ளே ஒரு துளி நீர் நின்றால் அங்கிருந்துதான் பூஞ்சை கிளம்பும். ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல் ஆயிற்று. பாட்டிலை அவ்வப்போது தரையில் தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி காலியாக விட்டால் பயன் பாதிதான், காரணம் கீழே. மூடிக்கு முன் வாயில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை இழுத்துப் போட்டு, மேலே மூடியை இறுக்குங்கள்.

உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாங்களே மூச்சாக இழுத்துத் தீர்த்துவிட்டு அடங்கும். காலி இடம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சீக்கிரம். இரண்டு மூன்று வாரம் திறக்காமல் விடுங்கள். 'உள்ளே எப்படி இருக்கிறது?' என்று நடுவில் திறந்து பார்ப்பது, இட்லிப் பானையைத் திறந்து திறந்து பார்ப்பது போல. ஒரு பாட்டில் முடிந்த பிறகே அடுத்ததைத் திறப்பது முறை.

ஜூன் 12

இந்த வழி காய்ந்த அரிசிக்கு மட்டும். ஈர அரிசியை இறுக அடைத்தால் வண்டுக்குப் பதில் புழுக்கம், பூஞ்சை. நல்ல அரிசியில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பல்லால் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம்.

இன்னும் உறுதியாகப் பார்க்க உப்புச் சோதனை. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு அரிசி, இரண்டு கரண்டி தூள் உப்பு, மூடி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சற்று விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்தால் அடைக்கலாம்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

அவசரத்தில் முக்கியமானதை விட்டேன். நம் உப்பு ஜூனில் தானே தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அந்த உப்பைப் போட்டால் உலகத்தின் எல்லா அரிசியும் ஈரம் என்றுதான் சொல்லும். வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்டு, உடனே சோதியுங்கள். ஆறவிடாமல் போட்டாலும் தப்பு வரும்.

ஜூன் 17

ஃப்ரீசர் வழி கேட்டிருந்தார்கள். ஒரு பையில் ஒரு பியி வீதம் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த அரிசி மேல் பனி இறங்கி நனைந்துவிடும். பை வியர்ப்பது நின்ற பிறகு திறவுங்கள்.

ஜூன் 18

நேற்று எழுதியது கரண்டு போகாமல் இருக்கிற ஊருக்கு. நம் ஊரில் கரண்டு வருவதும் போவதுமாக இருக்கும்போது நாலு நாள் என்பது தாளில்தான். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் உள்ளே உறைநிலை இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆனால் உறைந்திருப்பது வேறு, மைனஸ் 18 வேறு. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே ஊசலாடும் பெட்டியில் வண்டு நாலு நாளில் சாகாது. கரண்டு விட்டுவிட்டு வரும் வீட்டில் பத்து நாளுக்குக் குறையாமல் வையுங்கள், அல்லது பாட்டில் வழிக்கே போங்கள். பாட்டிலுக்கு மீட்டர் ஓடாது.

ஜூன் 23

அளவு பற்றி ஒரு சண்டை கிளம்பியிருக்கிறது. பால் டின்னைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாக அளப்பதா?

8 டின் ஒரு பியி என்ற கணக்கு கூம்புக்கானது. பால் டின்னின் கொள்ளளவு ஏறக்குறைய 300 மில்லி. தலைதட்டினால் சுமார் 250 கிராம் அரிசி. எட்டு டின் போட்டால் 2 கிலோதான் வரும். பியி என்பதோ 2.1 கிலோவுக்குச் சற்று மேல். டின்னுக்குச் சுமார் 16 கிராம் வித்தியாசம், 24 பியியில் இதுவே 3 கிலோ. கடைக்காரர் கூம்பாக அளக்க, வீட்டில் தலைதட்டி அளந்தால் 'மூட்டை இந்த முறை அதிகம் வந்தது' என்று வீண் மகிழ்ச்சி. கடைக்காரர் தலைதட்டி அளந்தால் அந்த மகிழ்ச்சி அவருக்கு. எடை போட்டு வாங்குவதே நேர்வழி. 24 பியி மூட்டை 50 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். 48 காட்டினால் கேளுங்கள்.

அப்படியே வீசைக்கும்: ஒரு வீசை 1.633 கிலோ, நூறு ச்சட்தா. தஸேதா (பத்து ச்சட்தா) 163 கிராம், அசெய்தா (இருபத்தைந்து) 408 கிராம், ஙாஸேதா (ஐம்பது) 816 கிராம். சூப்பர் மார்க்கெட்டில் கிலோ விலை, தெய்ஞ்சிசே சந்தையில் வீசை விலை, எது மலிவு என்று நின்ற இடத்திலேயே பார்க்க: வீசை விலையைப் பத்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் கிலோ விலைக்கு நெருங்கிவிடும். வீசை 8,000 கியாட் என்றால் கிலோ 4,800, சரியாகப் போட்டால் 4,900. சந்தையில் பேரம் பேச இது போதும்.

ஜூன் 24

வீசை நம் சொல்தான், பர்மியர் அதைப் பெய்தா என்பார்கள், ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்து விஸ் என்று எழுதிவைத்தார்கள். பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையில் ஊறுகாய் கெட்டுப்போவதுதான் சங்கடம்.

பாட்டி கைக்குறிப்பில் 'ஒரு வீசை மாங்காய்க்கு 8 பலம் உப்பு' என்று இருக்கும். அது சென்னை வீசை: 40 பலம், சுமார் 1.4 கிலோ. பர்மா வீசை 1.63. பலம் 35 கிராம், 8 பலம் 280 கிராம் உப்பு. சென்னை வீசைக்கு இது 20 சதவீதம், பர்மா வீசைக்கு 17 சதவீதம். அந்த மூன்று சதவீதத்தில்தான் ஜூலையில் வெள்ளைப் பூஞ்சை படிகிறது. எண்ணெய் போதவில்லை என்று எண்ணெய் மேல் பழி போடுவோம்.

பர்மா வீசையில் கணக்கு இன்னும் எளிது. வீசை நூறு ச்சட்தா, ஆகவே 20 சதவீத உப்பு என்றால் 20 ச்சட்தா. மிளகாய்த்தூள், வெந்தயம், கடுகு எல்லாம் இப்படியே நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எந்த வீசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறிப்பில் பலமோ மணங்கோ வந்தால் சென்னைக் கணக்கு, 8 வீசை ஒரு மணங்கு. பலம் இல்லாமல் வீசை மட்டும் இருந்தால், இங்கே எழுதியதா, அங்கிருந்து கொண்டுவந்ததா என்று வீட்டுப் பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 2

பருப்புக்கு அரிசி விதி பொருந்தாது. பயறு வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டை வைப்பதில்லை. முழுப் பயறின் தோல் மேல் ஒட்டவைக்கும். வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான். புழு அங்கிருந்து உள்ளே போகும், வண்டு வட்டமான துளை போட்டு வெளிவரும். பாசிப் பயறு, மத்பே எனும் கறுப்பு உளுந்து, பெசிங்கோன் எனும் துவரை, எல்லாம் முழுசாக இருக்கும்போதுதான் பெரும் ஆபத்து. உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் முட்டை வைக்க இடம் பிடிக்காது, எனவே நீண்ட நாள் வைக்க உடைத்த பருப்பே மேல். இட்லிக்குத் தோல் உளுந்துதான் என்பவர்கள் பத்து நாளுக்கு ஒரு முறை வாங்குங்கள்.

முழுப் பயறைத் தான் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் எண்ணெய் தடவுவது நம் வழக்கம், அது சரியான வழக்கம். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், வீசைக்கு ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். விளக்கெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். உள்ளங்கையில் விட்டு, பயறைத் தேய்த்துப் புரட்டி, ஒவ்வொன்றும் மினுமினுக்க வேண்டும். தட்டில் பயறைக் கொட்டி மேலே எண்ணெயைத் தெளித்தால் பாதிக்கு எண்ணெய், பாதிக்கு வண்டு. எண்ணெய் முட்டையின் மூச்சை அடைக்கும். ஏற்கெனவே உள்ளே போன புழுவுக்கு இது எதுவும் செய்யாது, எனவே வாங்கிய அன்றே தடவ வேண்டும்.

இந்திய வியாபாரிகள் 'லெமன் துவரை' என்று கேட்டு வாங்கும் சரக்கு இங்கிருந்து போவதுதான். நாம் பயின்னவுங் மண்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வண்டு விழுந்த பருப்பைப் பொறுக்குவது நியாயமில்லை.

ஜூலை 5

மண்டியில் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும். நம் மழைக்காலக் காற்றில் வேகமாகவே கிளம்பும். காற்றை விடக் கனமான வாயு, தரையோரம் படியும், கதவிடுக்கில் பக்கத்து அறைக்குப் போகும். பாய் விரித்துத் தூங்குவது தரையில்தானே. இதற்கு முறிவு மருந்து கிடையாது. பூண்டு வாடை, அழுகின மீன் வாடை போல அடிக்கும், ஆனால் வாடை வரவில்லை என்பதற்காகப் பயமில்லை என்று ஆகாது. மண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி, ஆள் நடமாட்டமில்லாமல் செய்வது வேறு. வீட்டு அரிசி டின் வேறு.

போரிக் பவுடரை அரிசியில் கலப்பதும் வேண்டாம். கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கையில் சாப்பிடும் பொருளில் மருந்து போடக் கூடாது.

ஜூலை 9

நிலக்கடலைப் பருப்பு பூஞ்சை பிடித்தால் வறுத்து உபயோகிக்கலாமா?

ஆகாது. நிலக்கடலையும் மிளகாயும் ஈரத்தில் அஃப்லடாக்சின் எனும் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சைக்குப் பிடித்த இடம். வறுப்பது, வேகவைப்பது எதிலும் அது முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாம் தூர எறியுங்கள். மிளகாயை உடைத்து உள்ளே பாருங்கள், வெளியே சிவப்பாக இருந்து உள்ளே சாம்பல் நிறப் பொடி இருப்பது உண்டு. மழைக்காலத்தில் மிளகாய்த்தூள் வாங்குவதை விட, காம்போடு முழு மிளகாய் வாங்கி அரைப்பது பாதுகாப்பு.

ஜூலை 16

பாட்டில் முறை பற்றி இரண்டு திருத்தம்.

ஒன்று, டிசம்பர் ஜனவரியில் வாங்கும் புதிய அரிசிக்கு இதை உடனே செய்யாதீர்கள். நவம்பர் அறுவடை நெல் குத்தி வந்த கையோடு வரும் அரிசியில் ஈரம் மிச்சமிருக்கும். உப்புச் சோதனை செய்து, ஒட்டினால் பாயில் மெல்லியதாகப் பரப்பி, விசிறியடியில் இரண்டு மூன்று நாள் விட்டு, மீண்டும் சோதித்து அடையுங்கள். அப்படியே புதிய அரிசிக்குத் தண்ணீர் குறைவு: ஒரு டின்னுக்கு ஒன்றேகால். ஜூனில் உள்ள ஆறு மாத அரிசிக்கு ஒன்றரைக்கு மேல் வேண்டும்.

இரண்டு, பாட்டிலை வெயில்படும் சுவரோரம் வைக்காதீர்கள். பகலில் சூடாகி இரவில் குளிர்ந்தால் உள்ளே மேல்பக்கம் வியர்க்கும். நிழல், தரையிலிருந்து பலகை போட்டு உயரமாக.

ஜூலை 17

புழுங்கலரிசி இல்லாமல் இட்லி வருமா என்று கேட்டதற்கு இங்கே நீளமாக எழுதவில்லை, தனியாகக் கேளுங்கள். ஒரே வரி: பொசானைப் போட்டால் பிசுபிசுக்கும், ஏமதா அரிசியைப் போடுங்கள். உளுந்து நாலுக்கு ஒன்று. இந்தச் சூட்டில் மாவு ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி பத்து மணிக்கு வைத்து விடியும் வரை விட்டால் புளித்துப்போகும்.

ஆகஸ்ட் 1

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: மூன்று பாட்டில் நிரப்பிப் பார்த்ததில் அரை பியி அல்ல, ஒரு பியி மிச்சம் வந்ததாம்.

தட்டித் தட்டி நிரப்பவில்லை என்றால் அப்படித்தான் வரும். அரிசி கொட்டியபடியே இருந்தால் நடுவே காற்று நின்றுவிடும். பாட்டிலை ஒரு துணி மேல் வைத்து நாலு பக்கமும் சாய்த்துத் தட்டுங்கள், விரல் ஆழம் இறங்கும், அந்த இடத்தையும் நிரப்புங்கள். அதற்கும் மிச்சம் நின்றால் கடைக்காரர் கணக்குக்கு மேலேயே அளந்திருக்கிறார். அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அந்த அரிசியை முதலில் சமைத்துவிடுங்கள்.